கவர் இல்லாத மளிகை: கடையில் கால்வாசி, வீட்டில் முக்கால்வாசி

பையும் டப்பாவும் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போக ஆரம்பித்தவர்கள் பலர், சில மாதங்களில் பழையபடி பாக்கெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். கடைக்காரர் முகம் சுளிப்பதால் விடுகிறவர்கள் குறைவு. பாசிப்பயறில் வண்டு வந்திருக்கும், மிளகாய்த்தூள் கட்டி தட்டியிருக்கும், ரவையில் நூல் நூலாகப் பூச்சி கூடு கட்டியிருக்கும். "பாக்கெட்ல வாங்கினப்போ இதெல்லாம் இல்லையே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அத்தோடு துணிப்பை பரணுக்குப் போய்விடும்.

பாக்கெட் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ஈரக்காற்றை உள்ளே விடவில்லை, பூச்சியை அண்ட விடவில்லை. அதை வேண்டாம் என்று சொன்னால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. கவர் இல்லாமல் வாங்குவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் இங்கே பையைப் பற்றிக் கொஞ்சமாகவும் டின்னைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், கணக்கு அப்படி இருக்கிறது. 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, உலகில் உணவு தொடர்பாக வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் பேக்கேஜிங்கின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். மீதி பெரும்பகுதி நிலத்திலும் வளர்ப்பிலும் வருகிறது. அப்படியானால் ஒரு கிலோ துவரம்பருப்பை வண்டரித்துக் குப்பையில் கொட்டினால், அது வந்த கவரை மிச்சம் பிடித்ததற்கு அர்த்தமே இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில்தான் என்கிறது. கவரையும் தவிர்க்க வேண்டும், பருப்பும் கெடக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் லாபம்.

பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. நல்ல முயற்சி. ஆனால் வீட்டில் பத்துப் பை இருக்கும்போது பதினோராவது பை வாங்குவது சரியல்ல. பருத்தி விளைவதற்குத் தண்ணீர், உரம், நெசவு, சாயம் எல்லாம் வேண்டும். 2011இல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக் கணக்கில் ஒரு பருத்திப் பை மேலாக வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. வாரம் ஒருமுறை கடைக்குப் போனால் இரண்டரை ஆண்டு. ஆகவே இருக்கிற பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், கிழிந்தால் தைத்துப் பயன்படுத்துங்கள்.

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் எல்லா வீட்டிலும் ஒரு கட்டு கிடக்கும். அவற்றில் பாதி துணியே கிடையாது. தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஊன்றிப் பார்த்தால் ஊடும் பாவும் தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். அது பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். தடைப் பட்டியலிலும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூல் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். கையில் இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம், காய்கறி வாங்க வைத்துக்கொள்ளலாம். பருப்பு, மாவுக்கு வேண்டாம். நாளானால் பொடிப்பொடியாக உதிரும்.

பருப்புக்கும் அரிசிக்கும் சிறந்தது பழைய வேட்டி. 25க்கு 35 சென்டிமீட்டர் அளவில் தைத்த பையில் இரண்டு கிலோ பருப்பு தாராளமாகக் கொள்ளும். தையலை உள்பக்கம் ஒருமுறை மடித்து இரண்டாவது முறையும் ஓட்டிவிடுங்கள். ஒற்றைத் தையல் இருந்தால் கடுகும் கசகசாவும் அந்த வழியாகவே ஒழுகும். ரவை, மைதா, கோதுமை மாவுக்கு வேட்டித் துணி ஆகாது, இழை வழியே தூசாக வெளியேறும். நெருக்கமாக நெய்த காடாத் துணி வேண்டும், அல்லது நேரே டப்பா கொண்டுபோகலாம்.

எடை விஷயத்தில்தான் கடையில் சச்சரவு வரும். காலிப் பையின் எடையை அதன் விளிம்பில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். எலக்ட்ரானிக் தராசில் காலிப் பையை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 30 கிராம் பைக்கு இது பெரிதாகத் தெரியாது. 400 கிராம் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துவிட்டு டேர் போட மறந்தால் முந்திரி விலையில் எவர்சில்வர் வாங்கியதாகும். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போவது கடைக்காரருக்கும் உபகாரம்.

எதைச் சில்லறையில் வாங்கலாம், எதை வாங்கக்கூடாது

முழு தானியம், பருப்பு, பயறு, வற்றல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெல்லம், கருப்பட்டி, புளி இவற்றையெல்லாம் தயக்கமின்றிச் சில்லறையில் வாங்கலாம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அளந்து கொடுக்கும் சில்லறைக்கு அந்த வரி கிடையாது. அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை திடீரென்று முளைத்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்று பொருள்களில் நான் பாக்கெட் பக்கம் நிற்கிறேன். முதலாவது உப்பு. சாக்கில் குவித்து விற்கும் கல் உப்பில் அயோடின் பெரும்பாலும் இருக்காது. வீட்டுக்கு வந்து சேரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஈரத்திலும் வெளிச்சத்திலும் குறைந்துகொண்டே போகும், அதனால் மூடிய பாக்கெட்டில் வருவதற்கு நியாயம் இருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இதில் சிக்கனம் வேண்டாம். அயோடின் சேர்த்த கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது.

இரண்டாவது அரைத்த மசாலாத் தூள்கள். மஞ்சள்தூளையும் மிளகாய்த்தூளையும் பொட்டலமிடாமல் விற்கவே உணவுப் பாதுகாப்பு விதிகளில் அனுமதி இல்லை. தூளாக்கிய பிறகு எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளில் பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த சம்பவங்கள் உண்டு, அது ஈயம், குழந்தைகளின் மூளையைத் தாக்கும். இதற்குத் தீர்வு முழுதாக வாங்கி மில்லில் அரைப்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது எண்ணெய். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து பலர் செத்துப்போனார்கள். அதன்பிறகுதான் சமையல் எண்ணெயை அடைத்து விற்க வேண்டும் என்ற சட்டம் நாடு முழுவதும் வந்தது. பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும், யார் ஆட்டியது என்று தெரியாத எண்ணெய் வேண்டாம். நீங்களே வித்து கொடுத்துச் செக்கில் ஆட்டிக்கொள்வது வேறு.

கடையில் பார்க்க வேண்டியது: சாக்கின் மேல்மட்டத்தை மட்டும் பார்க்காமல் கையை உள்ளே விட்டு அள்ளுங்கள். உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டினால் உள்ளே வண்டு தின்றுகொண்டிருக்கிறது. பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலையில் தோலின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டமான ஓட்டை இருந்தால் ஒரு தலைமுறை வண்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது. ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள், 'டக்'கென்று உடைய வேண்டும். அழுந்தினால் ஈரம். எல்லாவற்றையும்விட, சரக்கு சீக்கிரம் தீர்ந்து புதுசு வரும் கடையாகப் பார்த்து வாங்குவதே பெரிய பாதுகாப்பு.

பழைய பேப்பரில் மடித்துச் சணல் கட்டித் தரும் பொட்டலத்தைப் பார்த்தால் பலருக்கு மனசு இளகும். அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் இறங்கும் என்பதால் செய்தித்தாளில் உணவு மடிக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரத்துக்கு அது அறவே ஆகாது.

வண்டு எங்கிருந்து வருகிறது

"டப்பாவை இறுக்கி மூடித்தான் வைத்தேன், எப்படி உள்ளே போனது?" இந்தக் கேள்விக்குப் பதில், அது உள்ளே போகவில்லை. தானியத்தோடு முட்டையாகவே வந்தது.

அரிசி வண்டு மணியில் சிறு குழி கடித்து, அதில் முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் மூடிவிடும். புழு அரிசிக்கு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, முழு வண்டாகத்தான் வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒரு பெண் வண்டு முந்நூறு முட்டை வரை இடும். முதல் மாதம் நாலு வண்டு, இரண்டாம் மாதம் நானூறு என்று திடீரெனப் பெருகுவது இதனால்தான். புடைத்தால் வெளியே திரிகிற வண்டு மட்டும் போகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

பயறு வண்டு வேறு மாதிரி. வயலில் காய் முற்றும்போதே முட்டை ஒட்டிவிடும். அதற்கு வழவழப்பான முழுப் பயறு வேண்டும். அதனால் முழுப் பயறு அரிக்கும் அளவுக்கு உடைத்த பாசிப்பருப்பும் துவரம்பருப்பும் அதனிடம் சிக்குவதில்லை. இந்த ஒரு செய்தியை வைத்தே வாங்கும் அளவை முடிவு செய்யலாம்: முழுப் பயறு ஒரு மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம், உடைத்த பருப்பு மூன்று மாதம் வரை வாங்கலாம்.

மாவிலும் ரவையிலும் வருவது சிவந்த சின்ன வண்டு. முழு மணியை அதனால் எளிதில் கடிக்க முடியாது, குருணையும் தூசும்தான் அதற்குத் தீனி. எனவே அரிசியைச் சலித்துக் குருணை நீக்கி வைத்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. இது பெருகிய மாவு லேசாக இளஞ்சிவப்பாகி, மூக்கைத் துளைக்கும் வாடை வரும். அதைச் சலித்துப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள். நூலாம்படை போல் கட்டுவது ஒரு அந்துப்பூச்சியின் புழு.

டின்னில் போடும் முன்

வாங்கி வந்த அன்றே டின்னில் கொட்டுவதுதான் பெரும்பாலான கேட்டுக்குத் தொடக்கம். புடைத்து, உலர்த்தி, ஆறவைத்து, நிரப்பி, தேதி எழுதி வைக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியே சேமித்தால் பூஞ்சை பிடிக்கும். அரிசிக்கு 14க்குக் கீழேயும் பருப்பு, பயறுக்கு 12க்குக் கீழேயும் இருப்பது நல்லது. உப்பு அடியில் தங்கிவிட்டால் பருப்பும் பயறும் அதோடு நிற்காமல் இன்னும் ஒரு வெயில் காணட்டும்.

பருப்பையும் பயறையும் மொட்டை மாடியில் கறுப்புத் துணி விரித்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை காயவிடுங்கள், நடுவில் இரண்டு முறை கிளறி. இளவெயில் பலன் தராது. வண்டு நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறுபடி ஏறிக்கொள்ளும். உள்ளிருக்கும் புழு சாக ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அரிசியை மட்டும் சுள்ளென்ற வெயிலில் போடாதீர்கள், மணி வெடித்து, வடிக்கும்போது குழைந்துவிடும். நிழலில் உலர்த்தினால் போதும்.

காய்ந்ததைச் சூட்டோடு மூடினால், உள்ளே நீராவி மூடியில் வியர்த்து, மேல்மட்டத்தில் சொட்டி, அங்கிருந்து பூஞ்சை தொடங்கும். தாம்பாளத்தில் பரப்பி, கையில் எடுத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆற வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? ரவை, சேமியா, கோதுமை ரவையை வெறும் வாணலியில் சூடேற வறுத்து ஆறவைத்து வைக்கலாம். முழுப் பயறை வறுத்தால் முளைக்கட்டாது. அதற்கு ஃப்ரீசர் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு இரவு, மூடியபடியே இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த பயறின் மேல் காற்றின் ஈரம் பனித்துப் படிந்து, காயவைத்த உழைப்பெல்லாம் வீணாகும்.

நம் ஊர்ப் பழைய கைமுறைகளில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கெண்ணெய் நிற்கிறது. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, துவரம்பருப்பிலோ பயறிலோ எல்லா மணியிலும் படும்படி பிசறி வைத்தால், எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகும் வழியை அடைக்கிறது, புது முட்டையும் ஒட்டாது. களையும்போது போய்விடும். உடைப்பதற்கு முன் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைக்கும் வழக்கமும் அருமையானது. அந்தப் பருப்பு ருசியிலேயே வேறாக இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள். வேப்பிலையும் வற்றல் மிளகாயும் வெளியிலிருந்து வருவதைக் கொஞ்சம் விலக்கும், மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலையைப் போட்டால் அதன் ஈரத்திலேயே பூஞ்சை வரும், நொறுங்கும் அளவுக்கு நிழலில் உலர்த்திய இலைதான் போட வேண்டும். வசம்பைத் துணி முடிச்சாக வைக்கலாம். பொடித்துத் தானியத்தில் கலக்காதீர்கள், அதிலுள்ள ஆசரோன் உடம்புக்கு ஆகாது.

இதை அழுத்திச் சொல்கிறேன்: போரிக் பவுடரை அரிசியில் கலக்காதீர்கள். கேரம்போர்டுக்குப் போடுவதுதானே என்று பலர் கலக்கிறார்கள். அது உணவில் சேரக் கூடாத பொருள், எத்தனை முறை களைந்தாலும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் கொடியது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளிவரும், மூடிய வீட்டில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. வீட்டுக்குள் அது நுழையவே கூடாது.

டின்

எவர்சில்வர் டப்பா பார்க்க அழகு, ஆனால் மூடி காற்றை அடைக்காது. எறும்பு போகும் இடைவெளியில் வண்டும் போகும். உங்கள் டப்பா எப்படி என்று தெரிய, காலியாக மூடித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் காற்று போகிறது. அதில் ஒரு வாரத்துக்குள் தீருவதை வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் இருப்பதற்கு ரப்பர் வளையம் வைத்த மூடி, திருகு மூடிக் கண்ணாடி பாட்டில், அல்லது இறுக்கமான மூடி கொண்ட தகர டின் வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இதற்கு வெகு பொருத்தம். வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் டப்பா இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சமையலறை படம் எடுக்க நன்றாக இருக்க வேண்டும் என்று அதைத் தூக்கிப்போட்டுக் கண்ணாடி ஜாடி வாங்குவது இந்த வேலைக்கே எதிரானது.

டின்னை விளிம்புவரை நிரப்புங்கள். காற்றுப் புகாத டின்னில் உள்ளே மாட்டிய பூச்சி இருக்கிற ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டு ஓய்ந்துபோகும். பாதி காலியான டின்னில் அது நெடுநாள் வாழக் காற்று இருக்கிறது. பத்து கிலோ டின்னைத் தினமும் திறப்பதைவிட, இரண்டு கிலோ டப்பா ஒன்றைப் புழக்கத்துக்கு வைத்துவிட்டுப் பெரிய டின்னை வாரம் ஒருமுறை மட்டும் திறப்பது மேல்.

பழசு மேல் புதுசைக் கொட்டாதீர்கள். அடியில் ஒரு பிடி மிச்சம் இருக்கும், அதில்தான் வண்டு குடியிருக்கும். மிச்சத்தை வேறு கிண்ணத்தில் எடுத்து, டின்னைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, விளிம்பு மடிப்பில் படிந்த மாவைப் பழைய பல் துலக்கியால் சுரண்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் டின் வைக்க வேண்டாம், குக்கர் ஆவி முழுக்க அங்கேதான் போகும்.

நிறைய அரிசி சேமிக்கிறவர்களுக்கு: கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி ஒன்று இருக்கிறது. 2 மி.மீ. துளைகள் போட்ட குழாய், அரிசிக்குள் செருகி வைக்க வேண்டும். காற்றோட்டத்தைத் தேடி அலையும் வண்டு துளை வழியே நுழைந்து அடியில் உள்ள கூம்பில் விழும், ஏற முடியாது. மருந்தே கிடையாது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் வண்டு தொடங்கியதா என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மில்லும் செக்கும்

சாம்பார்ப் பொடிக்கு ஒரு அளவு: மல்லி அரை கிலோ, வற்றல் மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 50 கிராம் வீதம், மிளகும் சீரகமும் 25 கிராம் வீதம், வெந்தயம் 15 கிராம், விரலி மஞ்சள் இரண்டு மூன்று துண்டு. கிட்டத்தட்ட 900 கிராம் வரும். நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம். அதற்கு மேல் அரைக்காதீர்கள், வாசனை போய்விடும். மிளகாய் காம்பை அரைக்கப் போகும் அன்று கிள்ளினால் போதும். காம்போடு இருக்கும்வரை ஈரம் உள்ளே போவது குறைவு. காம்படியில் சாம்பல் பூத்த மிளகாயையும், பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் எடுத்து எறியுங்கள். அதில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

மில்லில் உங்களுக்கு முன் யார் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். கம்பு, கோதுமை என்றால் முதல் ஒரு பிடியைத் தனியாக வாங்கிவிடலாம். விரலி மஞ்சளை உரலில் ஒன்றிரண்டாக இடித்துக் கொண்டுபோனால்தான் அரைப்பார்கள். அரைத்த பொடி கை சுடும் சூட்டில் வரும். வீட்டுக்கு வந்ததும் அகலத் தட்டில் கொட்டி முழுக்க ஆறவிடுங்கள். மிளகாய்ப்பொடி கட்டி தட்டுவதற்கு முதல் காரணம் இந்தச் சூட்டோடு அடைப்பதுதான், இரண்டாவது ஈரக் கரண்டி.

செக்கில் பத்து கிலோ நிலக்கடலைப் பருப்பு கொடுத்தால் நான்கு முதல் நாலரை லிட்டர் வரை எண்ணெய் எதிர்பார்க்கலாம், புண்ணாக்கும் உங்களுடையது. ஒரு ஈடுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பது செக்குக்குச் செக்கு மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். வந்ததும் மெல்லிய துணியால் வாய் கட்டி மூன்று நாள் அசையாமல் நிழலில் வைத்து, தெளிந்ததை மேலாக வடித்துக்கொள்ளுங்கள். அடிமண்டி சேர்ந்திருந்தால் சிக்கு வாடை வரும். அந்த மண்டியைத் தாளிப்புக்கு முதல் வாரமே தீர்த்துவிடலாம்.

புளிக்குத் தனிக் கவனம் வேண்டாம், காலம் பார்த்து வாங்கினால் போதும். மாசி பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டையும் கோதும் நீக்கி, ஒரு வெயில் காட்டி, கிலோவுக்கு நூறு கிராம் கல் உப்பை அடுக்கடுக்காகத் தூவிப் பீங்கான் ஜாடியில் அழுத்தி வைத்தால் அடுத்த பருவம்வரை வரும். கறுக்கும், கெடாது. உலோகப் பாத்திரம் மட்டும் ஆகாது.

தவிர்க்க முடியாத கவர்கள்

இட்லி மாவு, இறைச்சி, மீன், ஓட்டல் சாம்பார் எல்லாவற்றுக்கும் தூக்கு கொண்டுபோகலாம். மாவுக்கு ஒன்றுக்கு இரண்டு மடங்கு பெரிய பாத்திரம் வேண்டும், வழியிலேயே பொங்கும். மிச்சம் நிற்பது பால் கவர். அதன் மூலையை முழுதாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தச் சிறு முக்கோணத் துண்டைப் பொறுக்க யாராலும் முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி ஊற்றுங்கள். ஒருமுறை அலசி (அந்தத் தண்ணீர் செடிக்கு), கொடியில் கவ்வி போட்டுக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஒற்றை வகைப் பிளாஸ்டிக் என்பதால் மறுசுழற்சிக்கு மதிப்பு உண்டு. உள்பக்கம் வெள்ளியாக மினுக்கும் பிஸ்கட், சிப்ஸ் கவரை எந்தப் பேப்பர் கடையும் வாங்காது. அந்தக் கவருக்கு வீட்டில் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை, வாங்கும்போதே யோசிக்க வேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம். தை பிறந்து வெயில் ஏறியதும், முதல் மாதம் துவரம்பருப்பு, உளுந்து, வற்றல் மிளகாய் மூன்றை மட்டும் சில்லறையில் வாங்குங்கள். டின்னில் தேதி எழுதுங்கள். எத்தனை நாளில் தீர்ந்தது என்று பார்த்துவிட்டு அதே அளவு அடுத்த மாதம் வாங்குங்கள். முழுப் பயறையும் ரவையையும் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிய பிறகு.